அறாத பொத்தான்

மனிதப் புதைகுழியில் எடுத்த உடுப்புகளைச் சனங்கள் அடையாளம் காட்டுவதற்காக வெள்ளைத் துணியில் பரப்பியிருந்தார்கள். சந்தியாப்பிள்ளை ஒரு நீலச் சட்டைக்கு முன்னால் நின்றுவிட்டார். இராணுவம் மகனைப் பிடித்துப் போவதற்கு முதல்நாள், நூல் இல்லாமல், மீன்பிடிக்கும் தங்கூசி நைலோன் இழையால் அவரே வலைமுடிச்சுப் போட்டுத் தைத்த பொத்தான் இன்னும் அறவில்லை.

“மகன்ரயோ ஐயா?” என்றார் அதிகாரி.

“ஓமெண்டால், கொண்டு போனவனைக் கூண்டில ஏத்துவியளோ?”

“அது எங்கட வேலையில்லை ஐயா. நாங்கள் மரணச் சான்றிதழ் தருவம்.”

“கொன்றவன் இல்லாமல் சாவு மட்டும் எங்கால வந்தது, தம்பி?”

மனைவி ஆக்னேஸ் அவர் கையைப் பற்றினாள். “ஓமெண்டு சொல்லுங்கோவன். பிள்ளையை அடக்கம் செய்வம்.”

“இது எங்கட பிள்ளையின்ர இல்லை,” என்றார் அவர் உரத்து.

ஆக்னேஸ் அவர் கையை விட்டுவிட்டு, சட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.