அறுபதுக்கு மேலே

“டர்போ வண்டிடா ராம்கி. எவ்வளவு மிதிச்சும் அன்னைக்கு அறுபதைத் தாண்டலை. ஏன்னு மட்டும் சொல்லு.” வானதியின் குரலில் கோபம்கூட இல்லை.

மெக்கானிக் ராம்கி, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கவும் மாற்றவும் உதவும் கையடக்க டியூனரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகித் திரையைப் பார்த்தான்.

“இன்ஜின் சூப்பரா இருக்குக்கா. யாரோ இதே மாதிரி டியூனர் போட்டு வேகத்தை அறுபதுல பூட்டியிருக்காங்க. இருங்க, எங்க ஓனரைக் கேக்குறேன்.”

போனில் பேசிவிட்டுச் சிரித்தபடி வந்தான்.

“உங்கப்பா வேலைக்கா! ‘ரோடெல்லாம் நெல்லு காயுது, என் பொண்ணு பறக்குறா. அவகிட்ட சொல்லாம பூட்டிவிடு’ன்னாராம். எடுத்துடவா? அவரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.”

“கேக்க முடியாதுடா. நெஞ்சுவலின்னு அவரைத்தான் அன்னைக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனேன். வழியிலேயே போயிட்டாரு.”

ராம்கி குனிந்து டியூனரைக் கழற்றினான்.

“நான் மிதிக்க மிதிக்க, பின்சீட்டுலேர்ந்து ‘மெதுவாவே போம்மா’ன்னு சொல்லிக்கிட்டே வந்தாருடா.”