அப்பா படத்துக்கு மாலை

உதயகுமார் தட்டைத் தள்ளிவிட்டார். உப்புமா ஆறிப்போய்விட்டதாம்.

"எனக்கு மசால் தோசை வரணும். வந்தாத்தான் மேக்கப்."

ஆறுமுகசாமிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. மைசூர் மண்டி மொஹல்லா சந்தையில் மூட்டை தூக்கி, பேரம் பேசிப் பேசியே டி.வி. தொடருக்குப் புரொடக்‌ஷன் மேனேஜராக வந்தவர் அவர். யாரிடமும் வாய் கொடுத்துத் தோற்றதில்லை. இந்த ஒரு ஆளிடம்தான் நாலு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு காலத்தில் உதயகுமார் என்றால் மைசூர் காலேஜ் பெண்கள் பாடப்புத்தகத்துக்குள் படம் ஒளித்து வைத்திருப்பார்கள். மீசை முளைக்கும் முன்பே ஹீரோ. மீசை நரைக்க ஆரம்பித்ததும் சினிமா கைகழுவிவிட்டது. சும்மா கிடந்த மனுஷனை, அப்பா வேஷம் இருக்கு, சம்மதமா என்று கேட்டுக் கூட்டிவந்ததே ஆறுமுகசாமிதான். கொடுத்ததை வாங்கிக்கொண்டு, போட்டதைத் தின்று, சொன்ன இடத்தில் நிற்பார். பசு மாதிரி இருந்தார்.

கெட்டதெல்லாம் போன திங்கட்கிழமையிலிருந்துதான்.

அன்றைக்குத் தொடருக்கு இன்னும் பதிமூன்று வாரம் நீட்டிப்புக் கிடைத்தது. கூடவே விளம்பரம் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் ஒரு கண்டிஷன் போட்டார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, பெரியவர்கள் வேஷத்தில் ஒன்றைக் குறையுங்கள். டைரக்டர் விஜய்குமார் யோசிக்கவே இல்லை. அம்மாவாக நடிக்கும் சொர்ணலதா வசனத்தை மறந்து மறந்து நிற்கிறார், ஷாட் எல்லாம் இழுக்கிறது. வெள்ளிக்கிழமை அம்மாவைச் சாகடித்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்தம்மாவுக்கு இதை விட்டால் வேறு வேஷம் கிடையாது. வீட்டில் புருஷன் படுத்த படுக்கை. பாவம்தான். ஆனால் பாவம் பார்த்தால் தொழில் நடக்குமா?

ஆறுமுகசாமியிடம் ஒரு குறை, நல்ல சேதி வாயில் நிற்காது. அன்று சாயங்காலமே உதயகுமாரின் காதைக் கடித்தார்.

"உங்க இடம் பத்திரம் சார். போறது அந்தம்மாதான். அவங்களுக்கு இன்னும் தெரியாது, வாயைத் திறந்துடாதீங்க."

மறுநாளே ஆள் மாறிப்போனார். இடம் உறுதி என்று தெரிந்ததும் உள்ளே தூங்கிக் கிடந்த பழைய ஹீரோ எழுந்துவிட்டான் என்று ஆறுமுகசாமி புரிந்துகொண்டார்.

லேட்டாக வந்தார். கேட்டதற்கு, எந்த ஹீரோ நேரத்துக்கு வந்திருக்கான் என்றார். சால்வை போர்த்த மாட்டேன், கிழவனாகக் காட்டுகிறது என்று அடம் பிடித்தார். புதன்கிழமை தலைக்கு மை அடித்துக்கொண்டு வந்து நின்றார். போன வாரம் நரைத்திருந்த அப்பா இந்த வாரம் எப்படிக் கறுத்தார் என்று பார்க்கிறவன் காறித் துப்ப மாட்டானா? நேற்று அதுக்கும் மேலே. மகனாக நடிப்பவனைவிடத் தனக்குத்தான் குளோசப் அதிகம் வேண்டும் என்று எல்லார் முன்னாலும் டைரக்டரைப் பிடித்துக்கொண்டார். நீ டவுசர் போட்டுத் திரிந்தபோதே நான் ஸ்டார் என்று வேறு சொல்லிவிட்டார்.

சொர்ணலதாவே ஆறுமுகசாமியிடம் வந்து முகம் சுளித்தார். "இந்த வயசுல எதுக்குங்க இவ்வளவு ஆட்டம்? பக்கத்துல நிக்கவே கூசுது."

இன்று வெள்ளிக்கிழமை. மசால் தோசை சங்கதி காதுக்குப் போனதும் விஜய்குமார் கையிலிருந்த வசனப் பேப்பரை இரண்டாகக் கிழித்தார்.

"அம்மா இருந்துட்டுப் போகட்டும். அந்த ஆள் படத்துக்கு மாலையைப் போடு."

இந்தச் சேதியைக் கொண்டுபோகையில் ஆறுமுகசாமிக்கு நாக்கெல்லாம் தித்தித்தது.

"தோசை வராது சார். மாலைதான் வருது."

உதயகுமார் மாட்டேன் என்ற அதே சால்வையைப் போர்த்திக்கொண்டு போட்டோ எடுக்கப் போய் உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. சுவரில் அப்பா படம், சந்தன மாலை, குங்குமப் பொட்டு. கீழே உட்கார்ந்து சொர்ணலதா அழுதார். வசனம் இல்லை, வெறும் அழுகை. ஒரே டேக்கில் ஓகே.

உயிரோடு இருக்கிற நடிகர் படத்துக்கு மாலை போட்டால், பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டு, அவரைச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பது வழக்கம். தோஷம் கழியுமாம். உதயகுமாரைக் கேமரா முன்னால் நிறுத்தினார்கள். சிரித்தார். பாடப்புத்தகத்துக்குள் கிடந்த அதே சிரிப்பு. கேமராவில் டேப் இல்லை. இதுக்கெல்லாம் டேப்பை வீணாக்காதே என்று ஆறுமுகசாமி முன்பே சொல்லிவைத்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோவில் ஏற்றிவிடும்போது மனசு கேட்கவில்லை. கேட்டே விட்டார்.

"ஏனுங்க சார், கைக்கு வந்த சோத்துல நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்களே. இனிமே உங்களை எவன் கூப்பிடுவான்?"

"எவனும் கூப்பிட மாட்டான்." உதயகுமார் ஆட்டோவுக்குள் சாய்ந்து உட்கார்ந்தார். "எனக்கு அது பழகிப்போச்சு சாமி. அவங்களுக்குப் பழக்கம் இல்ல."



ஆட்டோ கிளம்பியது. உதயகுமார் அதை நிறுத்தச் சொல்லி, தலையை வெளியே நீட்டி, இந்த நாலு நாளாக இல்லாத பணிவோடு கேட்டார்:

"புருஷன் செத்துட்டா, கதையில அழறதுக்கு அந்தம்மா கடைசி வாரம் வரைக்கும் வேணும்ல?"