வலது பக்கக் கம்பி

"வலது பக்கக் கம்பி உடைஞ்சா மட்டும்தான் இலவசமா? இடது பக்கம் உடைஞ்சவங்க என்ன சார் பாவம் பண்ணாங்க?"

மெசேஜ் அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது. கடைத்தெருவிலுள்ள சின்னக் கடைகளுக்கெல்லாம் செல்போனில் சலுகை மெசேஜ் எழுதி அனுப்பிக் கொடுப்பது அவள் தொழில். அவள் அனுப்பியதைப் பார்த்து பேக்கரிக்கும் சலூனுக்கும் ஆட்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்கள். இந்த மூக்குக் கண்ணாடிக் கடையில்தான் மூன்று வாரமாக அவள் பாச்சா பலிக்கவில்லை.

கண்ணாடிக்காரர் நிமிரவில்லை. ஒரு பழைய பிரேமின் திருகை முடுக்கிக்கொண்டே, "அப்படியே இருக்கட்டும்மா. இந்த வாரமும் அதையே அனுப்புங்க" என்றார்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். எதிர்ச்சாரியில் ஏசியும் விளக்கு அலங்காரமுமாகப் பெரிய கடை வந்ததிலிருந்து இங்கே ஈ ஓட்டுகிற பிழைப்புதான். சுவரெல்லாம் வரிசையாக மாட்டியிருந்த பிரேம்களில் தூசி படிந்திருந்தது. கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையில் கீழ்வரிசைக் குழல்விளக்கு என்றோ அணைந்துபோய், அதை மாற்றவும் யாருக்கும் மனம் வரவில்லை. மாதக் கடைசியோடு மூடிவிடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவுக்கு வந்தபின், கடைசி முயற்சியாகத்தான் அக்காவைக் கூப்பிட்டார்கள். பழைய ரசீதுகளைப் புரட்டி எண்ணூறு நம்பர்களை அந்த அம்மாளே தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள்.

அக்காவுக்கு இந்தக் கடை பிழைக்க வேண்டும். அவள் மூக்கில் இருப்பது அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடி. அது வந்த பிறகுதான் பத்து வருஷத் தலைவலி அவளை விட்டது. அதனால் "பிரேம் வாங்கினால் லென்ஸ் பாதி விலை" என்று முதல் வாரமே பளிச்சென்று எழுதிக் காட்டினாள். அவர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, தானே ஒரு தாளில் எழுதித் தந்தார். "வலது காதுக் கம்பி உடைந்த கண்ணாடி வைத்திருக்கிறீர்களா? இலவசமாகச் சரிசெய்து தருகிறோம். எத்தனை நாள் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, வாருங்கள்."

இப்படி ஒரு சலுகையை அக்கா தன் அனுபவத்தில் பார்த்ததில்லை. மூன்று வாரத்தில் வந்தது நாலே பேர். அதில் ஒருவருக்கு இரண்டு கம்பியுமே இல்லை, நூலால் கட்டியிருந்தார். இன்னொருவருக்கு உடைந்திருந்தது இடது கம்பி. திருப்பி அனுப்பிவிடுவார் என்று அக்கா நினைத்தாள். அவரோ அதையும் இலவசமாகவே சரிசெய்து கொடுத்தார். அப்புறம் எதற்கு வலது என்று மெசேஜில் வீம்பு பிடிக்க வேண்டும்?

எரிச்சல் அதோடு நிற்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் வந்தவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். பார்த்ததும் அவர்கள் முகம் சுருங்கிவிடும். வருகிற மகாலட்சுமியை இப்படியா வரவேற்பது என்று அக்காவுக்கு மனசு ஆறவில்லை.

"நாலாவது வாரம் சார். இதுதான் கடைசி. நான் சொல்றதைக் கேட்டிருந்தா இந்நேரம் நாற்பது பேராவது வந்திருப்பாங்க" என்றபடி அவள் பொத்தானை அழுத்தினாள். எண்ணூறு நம்பருக்கும் மெசேஜ் போனது.

"பதில் ஏதாவது வந்துச்சாம்மா?"

வாராவாரம் இதே கேள்விதான். எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பதில் வந்து என்ன ஆகப்போகிறது, ஆள் அல்லவா வர வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். பாவமாக இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போனாள்.

அப்போது அவள் போன் ஒலித்தது. படித்துப் பார்த்தவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஒரே ஒரு பதில் வந்திருக்கு சார். அதுவும் நல்லதா இல்ல."

"படிங்க" என்றார்.

"'உடைஞ்சது வலது இல்ல, இடது. இனிமே எனக்கு மெசேஜ் அனுப்பாதீங்க.' அவ்வளவுதான் போட்டிருக்கு."

அவர் கையிலிருந்த திருப்புளி மேஜையில் விழுந்து உருண்டது. அந்த அம்மாள் ஓடிவந்து போனை வாங்கி நம்பரைப் பார்த்தாள். பிறகு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். யாரோ ஒருத்தர் எரிந்து விழுந்ததற்கு இவ்வளவு அழுகையா என்று பதறிப்போன அக்கா, அந்த நம்பரை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

"எடுத்துருங்கம்மா, அவளே சொல்லிட்டாளே." அவர் சிரித்தார். அவர் சிரித்து அக்கா இன்றுதான் பார்க்கிறாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் அறைஞ்சதுல உடைஞ்சது இடது கம்பிதான். அந்தக் கண்ணாடியோட வீட்டை விட்டுப் போன எங்க பொண்ணு, அப்புறம் எங்க போனை எடுக்கவே இல்ல. உயிரோட இருக்காளான்னுகூடத் தெரியல. சின்ன வயசுலேர்ந்து, நான் ஒண்ணு தப்பா சொன்னா திருத்தாம அவளால இருக்க முடியாது. அதனாலதான் வலதுன்னு போடச் சொன்னேன்."

பிறகு எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"மத்த நம்பரையும் எல்லாம் எடுத்துருங்கம்மா."