நன்றி சொல்ல ஒரு பேர்

"பேரை மட்டும் சொல்லுங்கக்கா, நான் பாட்டுக்குப் போயிடறேன்!"

கோல்கீப்பர் மேஜை மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றான். பந்து வந்தால் அந்தக் கைகளில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ரசிகர்கள் அவனுக்கு வைத்த பேர் 'பசை'. இப்போது மேஜையோடு ஒட்டிக்கொண்டவன் போல நின்றான். நகர்கிற வழியாக இல்லை.

விளையாட்டு நிருபர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். அவளுடைய சின்ன அறையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே கீபோர்டு சத்தம் மொத்தமாக நின்றுபோயிருந்தது. இலவசமாகச் சண்டை பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

"உட்காரு தம்பி."

"உட்கார வரல. யாரு சொன்னது உங்களுக்கு?"

நாலு மாதத்துக்கு முன், இறுதி ஆட்டத்தன்று காலையில் வந்த செய்தி அது. அரையிறுதியில் எதிரணிக்காரனின் முழங்கால் பசையின் தலையில் இடித்தது. மறுநாள் பயிற்சியில் இரண்டு முறை வாந்தி. ஜெயித்தது யார் என்று கேட்டால் திருதிருவென்று விழித்தான். கிளப் அதை மூடி மறைத்து அவனை ஆடவைக்கப் பார்க்கிறது என்று, 'பெயர் சொல்ல விரும்பாத, அணிக்கு நெருக்கமான ஒருவர்' சொன்னதாக எழுதியிருந்தாள். இன்னொருவரிடமும் விசாரித்து உறுதி செய்துகொண்டுதான் எழுதினாள். அதையும் வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

போட்டியை நடத்திய குழு பயந்துபோய் அவனை நிறுத்தியது. மாற்று கீப்பர் இறங்கினான். நாலு கோல். கோப்பை கைவிட்டுப் போனது.

"பேர் சொல்லத் துப்பில்லாதவன் பேச்சைக் கேட்டு எழுதற பத்திரிகை!" என்று கிளப் தலைவர் மைக் முன் முழங்கினார். ஊரும் சேர்ந்து திட்டியது.

"தெரிஞ்சா என்ன செய்வே, அடிப்பியா?"

"அன்னிக்கா இருந்தா அடிச்சிருப்பேன்." அவன் குரல் இறங்கியது. "ஸ்கேன்ல மூளைக்குள்ள ரத்தக் கசிவுன்னாங்க. இன்னொரு இடி பட்டிருந்தா அவ்வளவுதானாம். போன வாரம் எனக்குப் பொண்ணு பொறந்திருக்காக்கா. அப்படியே என் மூக்கு."

"உன் மூக்கா? பாவம் குழந்தை."

"பேச்சை மாத்தாதீங்க. அவளைத் தூக்கறப்பல்லாம் அந்த ஆளு ஞாபகம்தான் வருது. கையைப் பிடிச்சு ஒரு நன்றி சொல்லணும். அது தப்பா?"

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். நாலு மாதமாக வந்ததெல்லாம் வசவு. நன்றி என்று ஒன்று இன்றைக்குத்தான் வாசல் ஏறியிருக்கிறது.

"சொல்ல முடியாது தம்பி."

"நல்லதுக்குத்தானே கேக்கறேன்!"

"திட்ட வந்தவங்ககிட்ட திறக்காத வாயை நன்றிக்குத் திறந்தா, அடுத்து திட்ட வர்றவனும் நன்றி சொல்லிக்கிட்டேதான் வருவான்."

"சரி, மாற்று கீப்பர்தானே? என் இடம் அவனுக்குத்தானே போச்சு. அந்தக் கோவத்துல நாலு மாசமா அவன் மூஞ்சியிலயே முழிக்கல. அவன் இல்லைன்னாவது சொல்லுங்க. போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

இதுதான் அவளை அசைத்தது. ஒரே ஒரு 'இல்லை' போதும், பிரிந்த சிநேகிதம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அன்றைக்கு விஷயம் தெரிந்தவர்கள் மொத்தமே பத்துப் பேர். ஒவ்வொருவராக 'இல்லை' என்று கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் நிற்பவர் கழுத்துக்குத்தான் கத்தி.

"சிநேகிதனோட பேச என் சர்டிபிகேட் எதுக்கு? போய்ப் பேசு."

"தலைவர் உங்க மேல கேஸ் போடப் போறாராம். ஜட்ஜ் கேட்டா?"

"அங்கேயும் இதே பதில்தான். எங்க அம்மா கேட்டே நான் சொல்லல."

பெனால்டி அடிக்க ஓடி வருகிறவனின் கண்ணைப் பார்ப்பது போல பசை அவளையே பார்த்தான். அவள் இமைக்கவில்லை.

மேஜையிலிருந்து கையை எடுத்தான். கோபித்துக்கொண்டு கிளம்புகிறான் என்றுதான் நினைத்தாள். அவனோ கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"நான் உங்களோட சண்டை போட்டதை வெளியே எல்லாரும் பார்த்தாங்கல்ல?"

"பார்க்காம என்ன. டிக்கெட் போட்டிருக்கலாம்."

"நல்லது. இனி என்மேல யாருக்கும் சந்தேகம் வராது. எங்கேயாவது ஒரு இடத்துல இளகிப் பேரைச் சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டேதான் கேட்டேன்." குரலை இன்னும் தாழ்த்தினான். "என்னால இனி ஆட முடியாதுக்கா. அதே கிளப்ல சின்னப் பசங்களுக்குச் சொல்லித்தர்ற வேலை பார்க்கறேன். அதுவும் போச்சுன்னா வீட்டுல அடுப்பு எரியாது."

"அதை ஏன் என்கிட்ட சொல்றே?"

"மாற்று கீப்பர் மூஞ்சியில முழிக்கலன்னேனே, அது சும்மா தூண்டில். நேத்து அவனோடதான் இருந்தேன். தோள்ல தசை கிழிஞ்சிருக்கு, ஆட்டத்துக்கு ஆட்டம் மரத்துப்போற ஊசி போட்டு இறக்கறாங்க. சட்டையைக் கழட்டக்கூட கை மேல போகல. கேட்டா, 'ஒண்ணுமில்லடா, யார்கிட்டயும் சொல்லாதே'ங்கறான். அன்னிக்கு நான் சொன்ன அதே வார்த்தை. சனிக்கிழமை மறுபடியும் இறக்குவாங்க."

அவள் நோட்டைப் பிரித்தாள்.

"இன்னொருத்தர்கிட்டயும் விசாரிச்சுட்டுத்தான் எழுதுவேன்."

"விசாரிங்க."

"யோசிச்சுக்கோ தம்பி. கைக்குழந்தைக்காரன். உனக்கு ஏன் இந்த வம்பு?"

"பேர் தெரியாத ஆளுக்கு வேற எப்படிக்கா நன்றி சொல்றது?" என்றான் பசை. "எழுதிக்குங்க. என் பேரை மட்டும் போட்டுடாதீங்க."