இருபது வீட்டுக்கும் வந்த மெசேஜ்

நோர்வூட் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு, மழையில் குறுக்குப் பாதையால் ஏறி வந்த ஜெயந்தினி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இருபது வீடும் பூட்டிக் கிடந்தன.

"எல்லாரும் எங்கம்மா போனாங்க?"

"கூட்டம் எதும் இருக்கும். சோத்துப் பார்சல் குடுக்குறாங்களோ என்னமோ. நீ கதவத் தொற."

"கோழியெல்லாம் தொறந்து விட்டிருக்காங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு."

மேல் மலையில் கல் உருளும் சத்தம் கேட்டது. ஜெயந்தினி சாவியைப் பூட்டில் போடாமல் மலையை அண்ணாந்து பார்த்தாள்.

அப்போது பக்கத்து வீட்டு றோசலின் மூச்சிரைக்க ஏறி வந்தாள். தோட்டத்து இலவச இன்டர்நெட் சென்டரில் லயத்துக்காரர்களுக்குப் போன் கிளாஸ் எடுக்கும் ஜெயந்தினி, போன மாதம்தான் அவளுக்கு வாட்ஸ்அப் மெசேஜ் வாசிக்கப் பழக்கியிருந்தாள்.

"அடிப்பாவி, இங்க என்ன பண்ற? மண்ணு சரியப்போகுது, எறங்குங்கன்னு பத்து மணிக்கே லயத்துக் குரூப்புல மெசேஜ் வந்துச்சே. எல்லாரும் கீழ ஸ்கூலுக்குப் போய்ச் சேந்து தலைய எண்ணுனப்பதான் ஒங்க ரெண்டு பேரையும் காணோம்."

"எனக்குத் தெரியாதுக்கா."

"எங்க எல்லாரையும் அந்தக் குரூப்புல சேத்ததே நீதானே. நீ மொதல்ல பாத்திருப்பேன்னுல்ல நெனச்சோம்."

றோசலின் அம்மாவின் மறுகையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மூவரும் வேகமாக இறங்கத் தொடங்கினார்கள்.

"எப்பப் பாத்தாலும் கையில போனோட திரிவியே, பிள்ள. இன்னைக்கி மட்டும் என்ன வந்துச்சு?"

"அது சென்டர் போனுக்கா," என்றாள் ஜெயந்தினி. "கிளாஸ் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துரணும். எங்க வீட்ல போன் இல்ல."