கருகாத சில்லு

"என் மெஷினுக்குப் பின்னாடி உங்களுக்கு என்ன வேலை?"

சாப்பிட்டுவிட்டு லேபுக்குத் திரும்பியவள் கத்தியே விட்டாள். குனிந்திருந்த பக்கத்து மேசைக்காரன் நிமிர்ந்தான்; அவள் அவனுக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. கையில் ஒரு பிளக்.

"ஒண்ணுமில்ல. நீ உன் வேலையப் பாரு."

முகத்தில் கடுகைப் போட்டால் வெடிக்கும். விருட்டென்று போய்விட்டான்.

அவள் ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தாள். பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் இருக்கிறது அவளுடைய சிலிக்கான் சில்லு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். சூடே படாமல் அவை எலக்ட்ரானைக் கக்க வேண்டும். பம்பு நின்று துளி காற்று புகுந்தாலும் முனையெல்லாம் கருகிவிடும்.

சாயங்காலம் லேப் தலைவியான மேடம் அவர்கள் இருவரின் சில்லையும் பார்க்கிறார். யாருடையது நிலையாக ஓடுகிறதோ அவருக்குத்தான் வேலை. இருப்பதோ ஒரே இடம்.

மீட்டர் முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை; சில்லு நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியும் சந்தேகம் தீராமல் மேடத்தின் அறைக்கு ஓடினாள்.

"நான் இல்லாத நேரம் பாத்து அவர் என் பிளக்கைப் பிடுங்கப் பாத்தார் மேடம். கையும் களவுமா பிடிச்சேன்!"

மேடம் நம்பாமல் பார்த்தார். "அவனா? நீ சாப்பிடப் போனப்ப கொஞ்ச நேரம் கரண்ட் போச்சே, அதுல அவன் சில்லு கருகிடுச்சாம். 'என் கவனக்குறைவு, வேலையை அவளுக்கே குடுங்க'ன்னு இப்பதான் சொல்லிட்டுப் போறான்."

'நல்லா வேணும்' என்று நினைத்துக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது.

"உன் பேட்டரி பரவாயில்லையா? எதுக்கும் ஒருதடவை பாத்துடு."

கரண்ட் போனால் பம்பை ஓட்ட ஆளுக்கொரு பேட்டரி உண்டு. திரும்பி வந்து பார்த்தாள். அவளுடைய பேட்டரி செத்துக் கிடந்தது. காலையில் பெட்டியைக் காயவைக்க மாட்டிய ஹீட்டரை அதிலிருந்து கழற்ற மறந்திருந்தாள். கரண்ட் போனதும் இருந்த சார்ஜை எல்லாம் அது குடித்துத் தீர்த்திருக்கிறது.

அப்படியானால் பம்பு எப்படி நிற்காமல் ஓடியது?

வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது பக்கத்து மேசையில், சிடுமூஞ்சியின் பேட்டரியில் போய் முடிந்தது. ஒரு பேட்டரி ஒரு பம்பைத்தான் தாங்கும். அவனுடைய பம்பு அதில் இல்லை.

மறுபடியும் மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"இப்ப என்னம்மா?"

"கருகியிருக்க வேண்டியது என் சில்லு, மேடம்."