ஏணியில் ஏறிய அதிகாரி

எரிகிற வீட்டுக்குள் யோசிக்காமல் பாய்கிற மீசைக்காரர், நர்ஸம்மாவைப் பார்த்ததும் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் பதுங்கிவிட்டார்.

போன மாதம்கூட, மாடியில் மாட்டிக்கொண்டு அலறிய ஒரு பேங்க் மேனேஜரை மீசையை முறுக்கிக் கோணங்கி காட்டியே ஏணி வழியாக இறக்கியவர்தான். இன்றைக்கு நிலையத்தில் எல்லாருக்கும் ஃப்ளூ தடுப்பூசி. வீரமெல்லாம் ஓடி ஒளிந்துகொண்டது.

"அண்ணே, வெளியே வாங்க! மீசை தெரியுது!" என்று கத்தினான் டிரைவர்.

"உடம்பு ஒரு மாதிரி இருக்குப்பா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அண்ணி என்ன சொன்னாங்க, மறந்து போச்சா?"

மறக்குமா? மகள் பிறந்து வீட்டுக்கு வந்தாயிற்று. ஊசி போட்டுக்கொண்ட மாமியாரும் மச்சினனும் மாறி மாறிக் கொஞ்சுகிறார்கள். பெற்ற அப்பன் மட்டும் வாசற்படியில் நின்று எட்டிப் பார்க்கிறார். "நாலு இடம் போய் வர்ற ஆளு நீங்க. ஊசி போட்டுக்கிட்டு வந்து புள்ளையத் தொடுங்க" என்று வீட்டுக்காரி கறாராகச் சொல்லிவிட்டாள்.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். நர்ஸம்மா மருந்துப் பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், இரண்டடி பின்வாங்கினார்.

"தள்ளுய்யா, முதல்ல நான்" என்று வந்து உட்கார்ந்தார் நிலைய அதிகாரி. சரியான சிடுமூஞ்சி. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் அங்கே யாருமில்லை.

நர்ஸம்மா பஞ்சைத்தான் எடுத்தார்.

"ஐயோ! அம்மா! கொல்றாங்களே!"

அதிகாரி எழுந்து ஓட்டம் பிடித்தார். வண்டியை ஒரு சுற்று. தொப்பி ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம். கடைசியில் வண்டி ஏணியில் தாவி ஏறி உச்சியைக் கட்டிக்கொண்டார்.

"என்னை விட்டுடுங்கம்மா! நான் புள்ளகுட்டிக்காரன்!"

சிரிப்பில் கூரை பிய்ந்தது. மீசைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலி நாற்காலியில் சாய்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "டேய், யாராவது வலையை விரிங்கடா! சார் விழுந்துடப் போறாரு!"

"முடிஞ்சது, எழுந்திரிங்க" என்றார் நர்ஸம்மா.

"என்ன முடிஞ்சது?"

"ஊசிதான்."

பார்த்தால் தோளில் பஞ்சு ஒட்டியிருக்கிறது! டிரைவரை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார் மீசைக்காரர். இப்போது தைரியம் தலைக்கேறிவிட்டது.

"இவ்வளவுதானா? இதுக்கா ஒரு அதிகாரி ஏணியில போய்த் தொங்கணும்? வெட்கக்கேடு! அவரை விட்டுடாதீங்கம்மா, பிடிச்சுப் போடுங்க!"

"அவருக்கா? போன வாரமே ஆஸ்பத்திரிக்கு வந்து போட்டுக்கிட்டாரே! நான்தான் போட்டேன். பேப்பர் படிச்சுக்கிட்டே கையை நீட்டினாரு."

மீசைக்காரர் திரும்பினார். அதிகாரி ஒற்றை ஷூவோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். முகம் பழையபடி சிடுசிடு.

"என்னய்யா முழிக்கிற? பயந்து நடுங்குறவனை ஏணியில எப்படி இறக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன்?"

"கீழே பார்க்க விடக் கூடாது சார்…" மீசைக்காரர் தோளிலிருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "நம்ம மூஞ்சியையே பார்க்க வைக்கணும்."

"அதைத்தான் செஞ்சேன். அந்த ஷூவை இப்படிக் குடுத்துட்டு, போய்ப் புள்ளையத் தூக்கு."